இரண்டு விரல் அகலம்

பேருந்து நிலையத்தில் எதிர் வரிசையில் நிற்கும் இருவர் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியும். நடுவில் நான்கு பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றாலும் பரவாயில்லை, உதடு தெரிந்தால் போதும். கல்லூரியில் என் தோழிகள் இதை வைத்து நிறையப் பிழைத்துக்கொண்டார்கள். ஆசிரியர்கள் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, இன்டர்னல் மதிப்பெண்ணில் யாருக்கு வெட்டு விழப்போகிறது என்று இரண்டு முறை முன்கூட்டியே சொல்லியிருக்கிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மறைப்பதற்கில்லை.

இதை நான் எங்கும் போய்க் கற்கவில்லை. குமாரபாளையத்தில் தறி ஓடும் வீட்டில் பிறந்தால் தானாக வந்துவிடும். எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு விசைத்தறிகள். அப்பாவும் அம்மாவும் அவற்றை ஓட்டினார்கள், துண்டு நெய்தார்கள். ஆறும் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் விழாது. அதனால் எங்கள் தெருவில் யாரும் தறிக்கூடத்துக்குள் கத்துவதில்லை. குரலை விட்டுவிட்டு வாயை மட்டும் அசைப்போம். 'ஆ' என்றால் உள்நாக்கு தெரியும் அளவுக்கு ஆ. 'ஓ' என்றால் ஒரு முட்டை உள்ளே போகும் அளவுக்கு ஓ. ஒவ்வொரு எழுத்தையும் பிய்த்துப் பிய்த்து, தாடையை இழுத்து இழுத்துச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் முதல் முறை பார்த்தால் ஏதோ சத்தமில்லாத சண்டை நடக்கிறது என்று நினைப்பார்கள். நாங்கள் அப்போது பெரும்பாலும் மதியத்துக்கு என்ன குழம்பு என்று பேசிக்கொண்டிருப்போம்.

இந்தப் பேச்சுக்கு ஒரு மரியாதையும் உண்டு. வாயை நன்றாகத் திறந்து பேசுகிறவள் மனதில் கள்ளமில்லாதவள். வாயைச் சின்னதாக வைத்துக்கொண்டு உதட்டோரத்தில் பேசினால், பக்கத்தில் இருக்கும் யாரையோ பற்றிப் பேசுகிறாள், இல்லையென்றால் எதையோ மறைக்கிறாள் என்று அர்த்தம். பேசிக்கொண்டிருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது சண்டை. எங்கள் தெருவில் இரண்டு குடும்பங்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் போனதற்கு ஒருத்தி முகத்தைத் திருப்பியதுதான் காரணம்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் காது கேட்காது. இதை இவ்வளவு எளிதாக இன்று எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இந்த வார்த்தையை ஐந்து வருடத்துக்கு முன்பு வரை ஒருவரும் சொன்னது கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தறி முன் நின்றவளுக்கு, எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே பாதி போய்விட்டது. நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது மீதியும் போய்விட்டது. ஆனால் அம்மா எப்போதும் ஒன்றுதான் சொல்வாள்: "இந்தச் சத்தத்துல ஒண்ணும் வெளங்கல." தறி ஓடும்போது சொன்னாலும் சரி, கோயிலில் சாமி முன்னால் ஈ பறந்தாலும் கேட்கும் அமைதியில் நின்று சொன்னாலும் சரி. அப்பாவும் "ஆமா, சத்தம் சாஸ்தி" என்பார். நானும் தலையாட்டுவேன்.

வெளியே போனால் நான்தான் அம்மாவுக்குக் காது. ரேஷன் கடை, வங்கி, கல்யாண வீடு, எங்கு போனாலும் அரை அடி முன்னால் நிற்பேன். யாராவது ஏதாவது கேட்டால் அம்மா பக்கம் திரும்பி, அதையே வாயை அகலத் திறந்து சத்தமில்லாமல் சொல்வேன். அம்மா பதில் சொல்வாள். பார்க்கிறவர்களுக்குப் பெண் ஏதோ அடக்கமாக அம்மாவுக்கு எடுத்துச் சொல்கிறாள் என்று தோன்றும். கொரோனா காலத்தில் ஊர் மொத்தமும் மாஸ்க் போட்டுக்கொண்டபோது அம்மா வாசலைத் தாண்டவில்லை. கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

தறியை அம்மா கையால்தான் கேட்பாள். ஒவ்வொரு தறியின் சட்டத்திலும் போகிற போக்கில் உள்ளங்கையை வைத்து எடுப்பாள். எங்கேயோ ஒரு போல்ட் தளர்ந்திருந்தால், எங்கேயோ எண்ணெய் காய்ந்திருந்தால் அவள் கை சொல்லிவிடும். நன்றாகக் காது கேட்கும் அப்பா கண்டுபிடிப்பதற்கு முன்பே மூன்றாம் தறியில் என்ன கோளாறு என்று சொல்லி நிறுத்துவாள்.

என் தாடையில் கோளாறு ஆரம்பித்தது பொறியியல் மூன்றாம் ஆண்டில். எனக்கு அப்போது இருபது வயது. கல்லூரி திருச்செங்கோட்டுப் பக்கம், தினமும் கல்லூரிப் பேருந்தில் போய் வருவேன். ஒரு சாயங்காலம் தோழிகளோடு தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே கேரட்டும் பீட்ரூட்டும் திணித்து, அதை ஒரே வாயில் போட்டுக்கொள்வதுதான் முறை. போட்டேன். வலது காதுக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கே கேட்டது. தட்டுவடை இவ்வளவு மொறுமொறுப்பா என்று கேட்டாள். சிரித்துவிட்டு அடுத்த செட் வாங்கினோம்.

அதன்பிறகு கொட்டாவி விட்டால் டக். ஆப்பிள் கடித்தால் டக். ஒரு மாதத்தில் சத்தம் குறைந்து வலி வந்தது. காலையில் எழும்போது யாரோ இரவெல்லாம் கன்னத்தைப் பிடித்துத் திருகியது போல இருக்கும். நெற்றிப்பொட்டில் ஏறி, கழுத்தில் இறங்கி, சில நாள் காதுக்குள்ளேயே குடைந்தது. மருந்துக்கடையில் கேட்டால் காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். தோழி ஒருத்தி கடைவாய்ப்பல் முளைக்கிறது என்றாள். அவளுக்கு அதே வயதில் முளைத்ததாம், எடுத்துவிட்டாளாம், நானும் எடுத்துவிட வேண்டுமாம். நான் இரண்டையும் நம்பிப் பார்த்தேன். சொட்டு மருந்து காதை நனைத்தது. பல் எதுவும் முளைக்கவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. காது பக்கம் வலிக்கிறது என்று என் வாயால் எப்படிச் சொல்வது? தன்னைத் தின்ற தறி பெண்ணையும் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். வெளியே சொல்ல மாட்டாள், உள்ளுக்குள் வைத்து மருகுவாள். எனக்கு அவளை நன்றாகத் தெரியும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். பல்லைக் கடிப்பதுதான் நோயே என்று அப்போது தெரியாது.

ஒரு நாள் மதியம் கல்லூரி கேன்டீனில் தயிர்ச்சோற்று ஸ்பூன் வாய்க்குள் போகவில்லை. வாய் பாதியில் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் திற என்று மூளை சொல்கிறது, தாடை கேட்கவில்லை. பயந்துதான் போனேன். அன்று மதிய வகுப்பை விட்டுவிட்டு, பேருந்து ஏறி, போகிற வழியில் இருந்த பல் மருத்துவக் கல்லூரிக்குத் தனியாகப் போனேன்.

டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. சின்ன ஸ்கேலை என் பற்களுக்கு நடுவே வைத்து அளந்தார். பிறகு என் விரல்களையே மடக்கி, நடு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் விடச் சொன்னார். நல்ல தாடைக்கு மூன்று விரல் போகுமாம். எனக்கு ஒன்றரையோடு நின்றது. காதுக்கு முன்னால் விரலை வைத்து அழுத்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

அவர் சொன்னது எளிதாகப் புரிந்தது. காதுக்கு முன்னால் தாடை எலும்பு மண்டையோடு சேரும் இடத்தில் ஒரு மூட்டு. மூட்டுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு சின்னத் தட்டு. அது இடம் நழுவினால்தான் டக். தாடையை இழுக்கும் தசைகள் ஓய்வே இல்லாமல் இறுகிப் போனால் வலி. காதிலும் கோளாறு இல்லை, பல்லிலும் கோளாறு இல்லை. பரீட்சை நேரத்தில் என் வயதுப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கிறவர்கள், தூக்கத்தில் அரைக்கிறவர்கள், நாளெல்லாம் சூயிங்கம் மெல்லுகிறவர்கள். பெரும்பாலானவர்களுக்குக் கத்தி வைக்காமலே சரியாகிவிடும், பயப்படாதே என்றார்.

செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதித் தந்தார். மெத்தென்ற சாப்பாடு. வெந்நீர் ஒத்தடம். கொட்டாவி வந்தால் கையைக் கன்னத்தில் வைத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும். உதடு மூடியிருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. நாக்கை மேலண்ணத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடி முன் நின்று வாயை நேராக மெல்லத் திறந்து மூட வேண்டும். கடைசியாக, வாயைப் பெரிதாகத் திறக்கக் கூடாது, பேசும்போதும் சின்னதாகத் திறந்துதான் பேச வேண்டும். மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். பல்லுக்கு மேல் போட்டுக்கொள்ள ஒரு தட்டு செய்யலாம், வீட்டில் யாரையாவது கூட்டி வா என்றார்.

எங்கள் வீட்டில் எப்படிப் பேசுவோம் என்பதை அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. காலால் நடந்து போகிறேன் என்று யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? அது அப்படித்தான் இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்ததும் அன்றே ஆரம்பித்தேன். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கில்லை. வாயைச் சின்னதாகத் திறந்து பேசினேன். அப்பாவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அவருக்குத்தான் காது கேட்குமே. அம்மா முகத்தைச் சுளித்தாள். "என்ன சொல்றே?" என்றாள். மறுபடி சொன்னேன். மறுபடியும் அதே சின்ன வாய். அம்மா என் உதட்டையே பார்த்துவிட்டு, "இந்தச் சத்தத்துல ஒண்ணும் வெளங்கல" என்று அடுத்த தறிக்குப் போய்விட்டாள்.

எழுதிக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆறு தறிக்கு நடுவே நிற்கிறவளுக்கு இரண்டு கையும் இரண்டு கண்ணும் தறிக்கே போதாது. ஓரக்கண்ணால் ஒரு வாயைப் படிக்கலாம், ஒரு தாளைப் படிக்க முடியாது. கொஞ்ச நாள் தானே, சரியானதும் பழையபடி பேசிவிடலாம் என்று இருந்துவிட்டேன். தேவைக்கு மட்டும் வலியைப் பொறுத்துக்கொண்டு அகலத் திறந்து ஒன்றிரண்டு சொல் சொல்வேன். மற்றபடி பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

அம்மாவின் இடத்தில் நின்று பார்த்தால் எல்லாம் பளிச்சென்று இருந்தது. வாய் ஓயாத பெண் திடீரென்று உதட்டோரத்தில் பேசுகிறாள். சோற்றில் கை வைத்து அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். உள்ளே போய்ப் பார்த்தால் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து திறந்து தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மீதி நேரம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு எங்கேயோ வெறிக்கிறாள். காதல் என்று முடிவுகட்ட இதற்கு மேல் என்ன வேண்டும்? அம்மா அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா, "யாரு பையன்?" என்று கேட்டிருக்கிறார். அது தெரிந்தால் நான் ஏன் உங்களிடம் வந்து நிற்கிறேன் என்றாளாம். இதை அப்பா பின்னால் என்னிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தோம். அப்போது சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை.

ஸ்டடி லீவில் நான் வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிபாளையத்திலிருந்து பெரியம்மா வந்தாள். அம்மாவின் அக்கா. அவளும் தறிக்காரிதான். வரும்போது ஒரு தூக்குப் போசி நிறையப் பள்ளிபாளையம் சிக்கன் கொண்டுவந்தாள். சின்ன வயதிலிருந்து அந்தப் போசியை முதலில் திறப்பது நான். தேங்காய்ச் சில்லும் வரமிளகாயும் போட்டு வறுத்தது, தேங்காய்ச் சில்லைப் பொறுக்கித் தின்பதற்கே எனக்கும் அப்பாவுக்கும் போட்டி நடக்கும். அன்று எனக்கு வேண்டாம் என்று ரசத்தில் கரைத்த சோற்றைக் குடித்தேன். பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். நான் பார்த்ததை இருவரும் பார்க்கவில்லை.

வழக்கமாக ஞாயிறு தறி ஓடாது. அன்று ஆர்டர் அவசரம் என்று மதியத்துக்கு மேல் ஓட்டினார்கள். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு தறிக்கூடத்து வாசலுக்கு வந்தேன். நான்காம் தறிக்குப் பக்கத்தில் அம்மாவும் பெரியம்மாவும் முகத்தோடு முகம் ஒட்டி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சின்ன வாயில். உதட்டோரத்தில்.

என் அம்மா எனக்குத் தெரியக் கூடாது என்று வாயைக் குறுக்கி அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். டம்ளர் கையைச் சுட்டதுகூட உறைக்கவில்லை. ஆனால் அவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். எவ்வளவு குறுக்கினாலும் நான் படிப்பேன். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். பையன் வீட்டில் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் ஆலை வைத்திருக்கிறார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. படிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கையை மீறிப் போகாமல் இருக்க வேண்டும். கடைசியாக அம்மா சொன்னதுதான் என்னை அங்கேயே நிறுத்தியது. "எங்கிட்ட மூடி மூடிப் பேசறாக்கா. எங்கிட்டவே."

எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இன்னும் ஒரு வருடப் படிப்பு. கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். அதெல்லாம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், அம்மா என்னை நம்பவில்லை. ஊரெல்லாம் மாஸ்க் போட்டுக்கொண்ட நாளிலும் அவளிடம் முழு வாயைத் திறந்து பேசிய ஒரே ஆள் நான். என்னையே நம்பவில்லை.

பெரியம்மா ஐந்து மணி பேருந்துக்குக் கிளம்பினாள். அவளை வழியனுப்பிவிட்டு அம்மா தறிக்கூடத்துக்குத் திரும்பியதும், நான் தறிகளுக்கு நடுவே போய் அவள் எதிரில் நின்றேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். இந்தப் பக்கம் திருப்பினாள். கடைசியில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மாவின் தாளாவது மண்ணாங்கட்டியாவது என்று வாயை முழுதாகத் திறந்தேன்.

"யாருமில்லம்மா," என்றேன். "தாடைதா வலிக்குது."

'தா' என்று திறந்த வாய் பாதியில் சிக்கிக்கொண்டது. வலுவாக இழுத்தேன். ஆறு தறி ஓடும் அந்தச் சத்தத்திலும் எனக்குள் டக் என்று கேட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கண்ணீர் தானாகக் கொட்டியது.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கையை எட்டிப் பக்கத்துத் தறியை நிறுத்தினாள். அப்புறம் அடுத்ததை. அப்பாவுக்குக் கையைக் காட்டினாள், அவர் மற்றவற்றை நிறுத்தினார். எல்லாம் நின்றதும் என் கையை விலக்கிவிட்டு, தறிச் சட்டத்தில் வைப்பாளே அதே மாதிரி, உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்தாள். திறந்து மூடச் சொன்னாள். திறந்தேன், மூடினேன். கையை மெல்ல நகர்த்தி நகர்த்திக் காதுக்கு முன்னால் வந்து நின்றாள். இன்னொரு முறை என்றாள். அவள் விரலுக்கடியில் எலும்பு குதித்தது. டாக்டரம்மா அழுத்திய அதே இடம்.

"இது எத்தன நாளா இப்படி அடிக்குது சாமி?"

மூன்று மாதம் என்று விரலைக் காட்டினேன்.

"ஏன் சொல்லல?"

"நீ பயந்துக்குவேன்னுதாம்மா."

எதற்குப் பயப்படுவேன் என்று அம்மா கேட்கவில்லை. அவள் விரல் இன்னும் என் காதுக்கு முன்னால்தான் இருந்தது. டாக்டரம்மாவிடம் போனதையும், அவர் இந்த வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொன்னதையும் விரலும் வாயுமாகச் சொன்னேன். அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, அக்காவுக்குப் போன் போட்டு வெள்ளிக்கிழமை யாரும் வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். பையன் வீட்டுக்கு என்ன காரணம் சொல்வது என்று அப்பா கேட்டார். பெண் டாக்டரிடம் போகிறாள் என்று சொல்லுங்கள் என்றாள். அப்படிச் சொன்னால் பெண்ணுக்கு ஏதோ வியாதி என்று ஊரெல்லாம் பேசுவார்களே என்றார் அப்பா. பேசட்டும் என்றாள் அம்மா.

இதெல்லாம் நடந்து ஐந்து வருடம் ஆகிறது. இப்போது என் வாய் மூன்று விரல் அகலம் திறக்கிறது, தட்டுவடை செட் ஒரே வாயில் போகிறது. படிப்பை முடித்தேன், இன்டர்வியூவில் தேறினேன், சேலத்தில் வேலை பார்க்கிறேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நானாகவே போய்ப் பேசுகிறேன். பல்லை எடுக்க ஓடாதே, முதலில் தாடையைக் காட்டு, பல்லோடு பல் தொடாமல் இரு, ஒத்தடம் கொடு என்று பாடம் நடத்துகிறேன். சென்ற மாதம் எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணை நானே டாக்டரம்மாவிடம் அனுப்பிவைத்தேன். எப்படிக்கா சரியாச்சு என்று கேட்டாள். தட்டு, பயிற்சி, பொறுமை என்றேன். பொய்யில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமையை அவளிடம் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா தறிக்கு லீவு விட்டுவிட்டு என்னோடு வந்தாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்காக எடுத்து வைத்திருந்த நல்ல சேலையையே கட்டிக்கொண்டாள். அது மடிப்புக் கலையாமல் இருந்தது, வேறு எதற்கு என்றாள். பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சங்ககிரி மலை கண்ணில் படுகிற வரை என் கன்னத்தை அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே பெஞ்சில் என் வயதுக்காரர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளியிலிருந்து வந்த ஒரு பிளஸ் டூ பெண் கன்னத்தில் ஈரத்துண்டை வைத்துக்கொண்டு கையில் பயாலஜி புத்தகத்தைப் பிடித்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் படித்தாள். கழுத்தில் நரம்பு தெரிந்தது. எனக்கு அவளிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே போனதும் டாக்டரம்மா ஸ்கேலை வைத்து அளந்தார். அளந்துவிட்டு ஸ்கேலையே ஒரு முறை பார்த்தார். ஒன்றரை விரல் இரண்டாகியிருந்தது, அவ்வளவுதான். இன்னும் கூடியிருக்க வேண்டும் என்றார். ஒத்தடம் கொடுக்கிறாயா, கொடுக்கிறேன். பயிற்சி, செய்கிறேன். சின்னதாகத் திறந்துதான் பேசுகிறாயா? நான் தயங்கினேன். தசை இப்படி இறுகுவதற்கு வேறு ஏதோ காரணம் இருக்கிறது, கல்லூரியில் எதிலாவது பாடுகிறாயா, மேடையில் பேசுகிறாயா, வீட்டில் யாரிடமாவது கத்திப் பேசுகிறாயா என்று அடுக்கினார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. இருபது வருடமாக என் தாடை என்ன வேலை செய்திருக்கிறது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. புரிந்தும், 'இல்லை' என்று தலையாட்டினேன். அம்மாவை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? சொன்னால் இரண்டையும் சொல்ல வேண்டும்: அவளுக்குக் காது கேட்காது என்பதையும், அவளால்தான் எனக்கு இது வந்தது என்பதையும்.

டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. வீட்டுல இவ எப்படிப் பேசுவா?"

மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும். அம்மாவுக்குக் கேட்கப்படுவது தெரிந்தது, கேள்வி தெரியவில்லை. எங்கு போனாலும் செய்வதைப் போல என்னைப் பார்த்தாள். நானும் எங்கு போனாலும் செய்வதைப் போல அவள் பக்கம் திரும்பினேன். யோசிக்கவே இல்லை. கேள்வியை அப்படியே எடுத்துச் சொல்ல வாயை அகலத் திறந்தேன். வலது பக்கம் சுரீர் என்று இழுத்தது. முகத்தை நான் சுளித்திருக்க வேண்டும்.

அம்மா என் வாயைப் பார்த்தாள். டாக்டரம்மா கையில் இருந்த ஸ்கேலைப் பார்த்தாள். மறுபடி என் வாயைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒன்றோடு ஒன்று சேர்வதை நான் கண்டேன், மூன்றாம் தறியில் என்ன கோளாறு என்று அவள் கண்டுபிடிக்கும்போது இருக்குமே, அந்தப் பார்வை. நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். இரண்டு விரலை என் மோவாய்க்கு அடியில் கொடுத்து, மெல்ல என் வாயை மூடினாள்.

விரலை எடுக்காமலே டாக்டரம்மாவிடம் திரும்பினாள்.

"அந்த மாஸ்க்கக் கொஞ்சம் எறக்கிப்போட்டு எங்கிட்டச் சொல்லுங்கம்மா," என்றாள். "எனக்குக் காது கேக்காது."